சிங்கிளா, கன்டினியுவஸா? ஆட்டோஃபோகஸ் முறையைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோர் காதிலும் விழுந்துவிடும் பாடம் ஒன்று உண்டு: நிற்பவருக்குச் சிங்கிள், ஓடுபவருக்குக் கன்டினியுவஸ். சிங்கிள் என்றால் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸை ஒருமுறை பிடித்துப் பூட்டிவிடும் முறை; கன்டினியுவஸ் என்றால் அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸைத் திருத்திக்கொண்டே இருக்கும் முறை. அந்தப் பாடம் பாதிதான் சரி. கல்யாண வேலைக்கு என்னுடன் வரும் புதியவர்கள் எடுத்துக் கெடுத்த படங்களில் பெரும்பாலானவை மீதிப் பாதியில்தான் கெட்டிருக்கின்றன. ஃபோகஸ் பிடித்த நொடிக்கும் ஷட்டர் திறக்கும் நொடிக்கும் இடையே கேமராவுக்கும் எடுக்கப்படுபவருக்கும் உள்ள தூரம் மாறுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தூரத்தை மாற்றுபவர் படம் எடுக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.

1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

லென்ஸின் பக்கவாட்டில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்), எம்எஃப் (கையால் ஃபோகஸ்) என்று குறித்த ஸ்விட்ச் இருந்தால் அது ஏஎஃப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு அது நகர்ந்துவிடுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, மோட் டயலை முழுத் தானியங்கி நிலையிலிருந்து விலக்குங்கள். அந்த நிலையில் ஃபோகஸ் முறையைக் கேமராவே தீர்மானித்துக்கொள்ளும். பி, ஏ, எஸ், எம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் வைத்தால்தான் தேர்வு நம் கைக்கு வரும். ஏ, எஸ் என்பவற்றைக் கேனனில் ஏவி, டிவி என்று குறித்திருப்பார்கள்.

ஃபோகஸ் பரப்பை ஒற்றைப் புள்ளியாக்கி நடுவில் வையுங்கள். முகம், கண் கண்டறியும் வசதி இருந்தால் பழகி முடியும்வரை அணைத்து வையுங்கள். கேமரா எதைப் பிடிக்க முயல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்வரை, இரண்டு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் தெரியாது.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஷட்டரை அழுத்திப் பிடித்தால் படபடவென்று பல படங்கள் விழும் அமைப்பையும் கன்டினியுவஸ் என்றே சொல்கிறார்கள். அது டிரைவ் முறை. ஃபோகஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிரைவைத் தொடர்நிலையில் வைத்துவிட்டு ஃபோகஸைச் சிங்கிளில் விட்டிருந்தால், முதல் படத்துக்குப் பிடித்த ஃபோகஸிலேயே மற்ற படங்களும் விழும். “கன்டினியுவஸ்லதாண்ணே வச்சிருந்தேன், ஒண்ணுகூட ஷார்ப்பா இல்ல” என்று சொல்லும் தம்பிகளின் கேமராவை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது.

2. உங்கள் கேமராவில் அதற்கு என்ன பெயர்

நிக்கான், சோனி கேமராக்களில் சிங்கிள் ஏஎஃப்-எஸ் என்றும் கன்டினியுவஸ் ஏஎஃப்-சி என்றும் இருக்கும். கேனனில் சிங்கிளுக்கு ஒன்-ஷாட் என்று பெயர். கன்டினியுவஸுக்கு டிஎஸ்எல்ஆர்களில் ஏஐ செர்வோ என்றும், மிரர்லெஸ்களில் வெறும் செர்வோ என்றும் பெயர். ஃபியூஜிஃபில்மின் பல கேமராக்களில் உடலின் முன்பக்கத்திலேயே எஸ், சி, எம் என்ற மூன்று நிலைகள் கொண்ட ஸ்விட்ச் இருக்கிறது. அதிலுள்ள எம், கையால் ஃபோகஸ் செய்வதற்கானது.

3. மேசைமேல் ஒரு சோதனை

மண்டபத்தில் போய்க் கற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டு மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன் நடுவில் ஒரு தீப்பெட்டியை, படம் அச்சிட்ட பக்கம் உங்களைப் பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். கேமராவுடன் வரும் 18–55 கிட் லென்ஸ் என்றால் 55-க்குத் திருப்பி, அப்பெர்ச்சர் எனும் லென்ஸின் ஒளித்துளையை இயன்றவரை திறந்து (அதாவது எஃப் எண்ணை இயன்றவரை குறைத்து), அரை மீட்டர் தொலைவில் அமர்ந்து சாய்வாகக் கீழே பாருங்கள். எந்த இடத்தில் ஃபோகஸ் விழுந்தது என்பதைச் செய்தித்தாளின் எழுத்துகளே காட்டிக்கொடுக்கும்.

முதலில் சிங்கிள். தீப்பெட்டியின் மேல் புள்ளியை வைத்து ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். பீப் ஒலி வரும், அல்லது கட்டம் பச்சையாகும். விரலை எடுக்காமல் உடலை ஒரு சாண் பின்னுக்குச் சாய்த்து முழுதாக அழுத்துங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தீப்பெட்டி மங்கி, அதற்கு ஒரு சாண் முன்னாலுள்ள வரிகள் தெளிவாக இருக்கும். பூட்டியது தீப்பெட்டியை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேமரா பூட்டி வைத்தது ஒரு தூரத்தை மட்டுமே.

இப்போது கன்டினியுவஸில் அதையே செய்யுங்கள். பாதி அழுத்திச் சாயும்போது லென்ஸ் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதைக் கையில் உணரலாம். படத்தில் தீப்பெட்டி தெளிவாக இருக்கும்.

மூன்றாவதாக, கன்டினியுவஸிலேயே தீப்பெட்டியைப் பிடித்துவிட்டு, விரலை எடுக்காமல் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பித் தீப்பெட்டியைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். புள்ளி எதன்மேல் விழுகிறதோ அதற்கு ஃபோகஸ் தாவிவிடும். பின்னாலுள்ள வரிகளோ சுவரோ தெளிவாகும். இந்த மூன்று படங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு மீதி எல்லாம் எளிது.

4. தூரம் மாறுகிறதா என்று பார்ப்பது எப்படி

எவ்வளவு தூரம் மாறினால் படம் கெடும் என்பது லென்ஸையும் அப்பெர்ச்சரையும் பொறுத்தது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து 2 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் ஏறத்தாழ 6 செ.மீ.தான், கண்ணுக்கு முன்னால் 3, பின்னால் 3. அசையாமல் நிற்பதாக நினைக்கும் மணப்பெண்ணும் மூச்சு விடுகிறார். குனிந்து எடுக்கும் உங்கள் இடுப்பும் ஆடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 3 செ.மீ. எளிதில் கடந்துவிடும். ஆகவே ‘நிற்பவர்’ என்றாலும், அகன்ற அப்பெர்ச்சரில் நெருங்கி எடுக்கும்போது கன்டினியுவஸே பாதுகாப்பானது. மருதாணிக் கையையும் மோதிரத்தையும் மிக நெருங்கிக் கையில் பிடித்து எடுக்கும்போதும் இதே நிலைதான். டிரைபாடில் வைத்துவிட்டால் சிங்கிளுக்குத் திரும்பலாம்.

இதற்கு நேர்மாறாக, அசைவு இருந்தும் தூரம் மாறாத காட்சிகள் உண்டு. ஊஞ்சல் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் மணமக்கள் இடமும் வலமுமாக ஆடுவார்கள். உங்களிடமிருந்து அவர்களுக்குள்ள தூரம் பெரிதாக மாறாது. சிங்கிள் போதும். அதே ஊஞ்சலை எதிரில் நின்று எடுத்தால் தூரம் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. அதோடு, திசையும் அடிக்கடி திரும்புகிறது. கன்டினியுவஸ் முறை அடுத்த நொடியில் ஆள் எங்கே இருப்பார் என்று முன்கூட்டிக் கணித்து லென்ஸை நகர்த்துவதால், வேகமும் திசையும் சீராக இருக்கும்வரைதான் அதன் கணக்கு நன்றாக நிற்கும். திசை திரும்பும் இடத்தில் தடுமாறும். எதிரில் நின்றேயாக வேண்டுமென்றால், ஊஞ்சல் முன்னால் வந்து ஒரு கணம் நிற்கும் இடத்தில் சிங்கிளில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தில் அது அங்கே வரும்போது அழுத்துவதே என் வழக்கம்.

மேடைக் குழுப்படத்துக்கு இத்தனை யோசனை வேண்டாம். எஃப்/5.6 அல்லது எஃப்/8, சிங்கிள், முன்வரிசையில் இருப்பவர் முகம், முடிந்தது.

5. சிங்கிளில் எடுக்கும்போது வரிசை

முதலில் படத்தின் அமைப்பை முடிவு செய்யுங்கள். பிறகு ஃபோகஸ் புள்ளியை நடுவிலிருந்து கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். அதன்பின் பாதி அழுத்தி, உறுதியானதும் உடனே முழுதாக அழுத்துங்கள்.

பலர் செய்வது வேறு: நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டு, கேமராவைத் திருப்பி அமைப்பைச் சரிசெய்வார்கள். எஃப்/8-இல் இது குற்றமில்லை. மேலே சொன்ன 85 மி.மீ., எஃப்/1.8, 2 மீட்டரில், கேமராவை 10 டிகிரி திருப்பினால் தெளிவான தளம் கண்ணுக்கு ஏறத்தாழ 3 செ.மீ. பின்னால் போய்விடும். கிடைக்கும் இடமே அவ்வளவுதான் என்பதால் கண் தெளிவின் விளிம்புக்குப் போய் மங்கத் தொடங்கும். கேனன் 1500டி போன்ற கேமராவில் 9 புள்ளிகள்தான் இருக்கின்றன, அவற்றிலும் நடுப்புள்ளிதான் வலுவானது என்பது உண்மையே. அங்கே திருப்புவதைத் தவிர்க்க முடியாதபோது அப்பெர்ச்சரை எஃப்/4-க்கு மேல் மூடிக்கொள்ளுங்கள்.

பூட்டியபின் ஓர் அடி முன்னே வைத்து எடுப்பது இன்னொரு தவறு. ‘இன்னும் கொஞ்சம் கிட்ட’ என்று தோன்றினால் விரலை முழுதாக எடுத்து, நகர்ந்து, மறுபடி பாதி அழுத்த வேண்டும். செய்தித்தாள் சோதனையில் பார்த்ததுதான் இது.

சிங்கிளில் ஷட்டர் விழவே இல்லை என்று கேமராவைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஃபோகஸ் கிடைக்காதவரை ஷட்டரைத் திறக்காமல் இருப்பது இந்த முறையின் வழக்கமான அமைப்பு. புள்ளி வெள்ளை வேட்டியின் நடுவில் இருந்தால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை; அதே தூரத்திலுள்ள கரைக்கு நகர்த்தினால் உடனே பிடிக்கும். இருட்டு மண்டபத்தில் சிங்கிளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஃபோகஸ் பிடிக்க உதவும் கேமராவின் சிறு விளக்கு பெரும்பாலான கேமராக்களில் சிங்கிளில் மட்டுமே எரியும், கன்டினியுவஸில் எரியாது. விளக்கை அணைத்துவிட்டு ஆரத்தி எடுக்கும்போது கன்டினியுவஸ் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. கன்டினியுவஸில் எடுக்கும்போது வரிசை

இந்த முறையில் என் தவறுதான் எனக்கு ஆசான். தனியாக எடுக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில், நடந்து வருபவர்களை 135 மி.மீ., எஃப்/2.8-இல் சிங்கிளிலேயே தொடர்ச்சியாக எடுத்தேன். முதல் படம் நன்றாக இருந்தது. இரண்டாவது படத்திலேயே முகம் மென்மையாகிவிட்டது. ஐந்தாவது படத்தில் முகம் கரைந்துபோயிருக்க, அவர்களுக்குப் பின்னால் சிவப்புக் கம்பளத்தின் ஒரு பட்டை மட்டும் இழை இழையாகத் தெரிந்தது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 5 மீட்டரில் அந்த அமைப்புக்குத் தெளிவான ஆழம் ஏறத்தாழ 23 செ.மீ.; அதில் முன்பக்கம் பாதி. நொடிக்கு 1 மீட்டர் நடப்பவரை நொடிக்கு 5 படமாக எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் 20 செ.மீ. முன்னே வந்துவிடுகிறார்.

ஆகவே முதல் படி, முன்கூட்டியே பிடிப்பது. ஆள் நீங்கள் விரும்பும் இடத்துக்கு வரும்போது பாதி அழுத்தக் கூடாது. அதற்கு இரண்டு மூன்று அடி முன்பே அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து வர வேண்டும். கேமரா வேகத்தை அறிந்துகொள்ள ஒரு கணமாவது வேண்டும். எடுத்த எடுப்பில் முழுதாக அழுத்தினால் முதல் இரண்டு படங்கள் வீணாகும்.

இரண்டாவது, பரப்பு. ஒற்றைப் புள்ளியை நடந்து வருபவரின் கண்ணில் நிறுத்திவைப்பது கடினம். புள்ளி தோளைத் தாண்டி வழுக்கினால் பின்னாலுள்ள அலங்கார வளைவு தெளிவாகிவிடும். புள்ளியைச் சுற்றியுள்ள புள்ளிகளும் உதவிக்கு வரும் பரப்பை நிக்கான் டைனமிக் என்றும், கேனன் விரிவாக்கம் என்ற பொருளிலும் வைத்திருக்கின்றன. அதைத் தேர்ந்தெடுத்து முகத்தின் மேல் வையுங்கள். கண் கண்டறியும் மிரர்லெஸ் உங்களிடம் இருந்தால், இப்போது அதை மறுபடி இயக்கிக்கொள்ளலாம். திரை முழுவதையும் கேமராவிடம் விட்டுவிடும் பரப்பு மட்டும் வேண்டாம். கண் கண்டறியாத கேமராவில் அது பொதுவாக மிக அருகிலுள்ள பொருளை நோக்கிப் போகும். ஊர்வலத்தில் மிக அருகில் இருப்பது யாரோ ஒருவர் நீட்டிய கைப்பேசி.

மூன்றாவது, விரல். ஒவ்வொரு படத்துக்கும் விரலை முழுதாக எடுத்தால் கேமரா ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடத் தொடங்கும். பாதி அழுத்தத்திலேயே தங்கி, வேண்டும்போது முழுதாக அழுத்திப் பாதிக்குத் திரும்புங்கள். பீப் ஒலிக்காகக் காத்திருக்காதீர்கள். கன்டினியுவஸில் அது பெரும்பாலும் வராது, ஏனெனில் வேலை முடிந்தது என்று கேமரா சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. சோனியில் அலை போன்ற வளைவுகளுக்கு நடுவே பச்சை வட்டம் நிலையாக எரிந்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். கேனனின் மிரர்லெஸ்களில் கட்டம் நீலமாகும்.

நான்காவது, ஷட்டர் வேகம். நடப்பவருக்கு 1/250 நொடியைவிடவும், ஆடுபவருக்கு 1/500 நொடியைவிடவும் மெதுவாகப் போகாதீர்கள். ஃபோகஸ் சரியாக இருந்தும் வேகம் போதாமல் இழுபடும் படத்துக்கு ஆட்டோஃபோகஸின் மேல் பழிபோடுவது மிகப் பொதுவான தவறு.

ஐந்தாவதாக, மெனுவில் முன்னுரிமை என்ற அமைப்பைத் தேடுங்கள். நிக்கானில் ஏஎஃப்-சி வழக்கமாக ஷட்டருக்கே முன்னுரிமை தருகிறது; அதாவது ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் படம் விழும். சோனி இரண்டுக்கும் நடுவான சமநிலையில் வைத்து அனுப்புகிறது. தாலி கட்டும் நொடி மறுபடி வராது என்பதால், சற்று மென்மையான படமாவது இருக்கட்டும் என்று ஷட்டருக்கு முன்னுரிமை தருகிறேன். பழகும் காலத்தில் நீங்கள் ஃபோகஸுக்குத் தாருங்கள். எப்போது பிடிக்கவில்லை என்பதைக் கேமரா நின்று காட்டும்.

அதே மெனுவுக்கு அருகில் தொடர் உணர்திறன் இருக்கும். கேனனின் பல கேமராக்களில் அது −2 முதல் +2 வரை. சோனியில் 1 முதல் 5 வரை. ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே ஏதாவது குறுக்கிட்டால் எவ்வளவு விரைவில் அதற்குத் தாவலாம் என்பதை இது தீர்மானிக்கிறது. கெட்டிமேளம் கொட்டியதும் நான்கு பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். வீசுபவர்களின் கைகள் லென்ஸுக்கு முன்னால் உயரும். உணர்திறன் அதிகமாக இருந்தால் ஃபோகஸ் அந்தக் கைகளுக்குத் தாவி, திரும்பி வருவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். கேனனில் −1 அல்லது −2, சோனியில் 1 அல்லது 2 என்று குறைத்துவையுங்கள்.

7. கேமராவே மாறிக்கொள்ளும் மூன்றாவது முறை

நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-ஏ, கேனனில் ஏஐ ஃபோகஸ். ஆள் நின்றால் சிங்கிள், நகர்ந்தால் கன்டினியுவஸ் என்று கேமரா தானே முடிவெடுக்கும். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் வாங்கும்போதே இதுதான் இருக்கும். நீங்கள் பூட்டிவிட்டு அமைப்பைத் திருப்புவதை ஆள் நகர்ந்ததாக அது எடுத்துக்கொள்ளக்கூடும்; மெல்ல நடந்து வருபவரை நிற்பதாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும். எந்தப் படத்தில் எது நடந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது என்பதே என் பெரிய ஆட்சேபம். அணைத்துவிடுங்கள்.

8. இரண்டையும் ஒரே கட்டைவிரலில் வைத்துக்கொள்வது

மேலே சொன்னவை கைக்கு வந்தபிறகே இதைத் தொடுங்கள். ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் பட்டனுக்கு மாற்றிவிட்டு, முறையைக் கன்டினியுவஸில் நிறுத்திவிடுவதுதான் ஏற்பாடு. கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை கன்டினியுவஸ். எடுத்துவிட்டால் தூரம் அப்படியே நிற்கும், அதாவது சிங்கிள்.

அட்சதைச் சிக்கல் இதில் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. மணமக்கள் அமர்ந்திருக்கிறார்கள்; தூரம் மாறப்போவதில்லை. மேளம் வேகமெடுக்கும் முன் மாப்பிள்ளையின் கைகளில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை எடுத்துவிட்டால், நடுவே எத்தனை கைகள் எழுந்தாலும் லென்ஸ் நகராது.

அமைக்கும் வழி கேமராவுக்குக் கேமரா மாறும். ஏஎஃப்-ஆன் பட்டன் உள்ள நிக்கானில், ஆட்டோஃபோகஸை அந்தப் பட்டன் மட்டுமே தொடங்கும்படி மெனுவில் மாற்றலாம். டி3500 போன்றவற்றில் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். சோனியில் ஷட்டருடன் ஏஎஃப் என்பதை அணைத்துவிட்டு ஒரு பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுக்க வேண்டும். கேனனின் தொடக்கநிலைக் கேமராக்களில் தனிப்பயன் அமைப்புகளுக்குள் ஷட்டர்/ஏஇ பூட்டு என்ற வரியில், நட்சத்திரப் பட்டனுக்கு ஃபோகஸைத் தரும் தேர்வு இருக்கிறது.

இதன் பின்விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘எங்களையும் ஒண்ணு எடுங்க’ என்று வீட்டுப் பெரியவர் யாரிடமாவது கேமராவைக் கொடுத்தால், அவர் ஷட்டரை மட்டும் அழுத்துவார். ஃபோகஸ் முந்தைய படத்தின் தூரத்திலேயே நிற்கும். கொடுக்கும் முன் நீங்களே அவர் நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை பிடித்துக் கொடுத்துவிடுங்கள்.

9. கெட்ட படத்தைப் படிப்பது

மங்கலான படம் ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் 100 விழுக்காடு பெரிதாக்கி, படத்தில் வேறு எங்காவது தெளிவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இடம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறு. பின்புலம் தெளிவாக இருந்து, ஆளின் கையும் முகமும் ஒரு திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஃபோகஸ் முறையை மாற்றி இதில் பயனில்லை.

ஃபோகஸ் தவறுதான் என்று தெரிந்தால், அந்த வரிசையில் முன்னும் பின்னுமுள்ள படங்களைப் பாருங்கள். முதல் படம் நன்றாக இருந்து, பின்வருபவை படிப்படியாகக் கெட்டு, தெளிவான பட்டை தரையில் ஒரே இடத்தில் நின்றால் சிங்கிளில் எடுத்திருக்கிறீர்கள். சில நன்றாகவும் சில திடீரென்று வேறெங்கோ தாவியும் இருந்தால் கன்டினியுவஸில் புள்ளி வழுக்கியிருக்கிறது, அல்லது உணர்திறன் அதிகம். எல்லாமே ஒரே அளவில் பின்னால் விழுந்திருந்தால் பூட்டியபின் திருப்பியிருக்கிறீர்கள்.

நிக்கானிலும் கேனனிலும் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, எந்தப் புள்ளி பயன்பட்டது என்று காட்டும் வசதியை மெனுவில் இயக்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டம் கண்ணின்மேல் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். கேமரா பிடிக்க முயன்ற இடத்தை அது காட்டுகிறது. கண் தெளிவாக விழுந்ததா என்பதை இமைமுடிகளைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.